173.2, 172.7, 172.4: குளோப் தந்த வரிசையை நம்பிய ஒரு ஸ்கிரிப்ட்

லெப்டோலிங்பியா என்ற நீலப்பச்சைப் பாசியிலிருந்து ஹவாய் பல்கலைக்கழகத்தின் மனோவா வளாகத்து வேதியியலாளர்கள் நான்கு புதிய சேர்மங்களைப் பிரித்தெடுத்தார்கள். லெப்டசோலின் ஏ, பி, சி, டி என்று பெயர் வைத்தார்கள். 2019-ல் அதைப் பற்றி அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் பாசியைவிட அதிகம் பேசப்பட்ட பகுதி வேறு. கணக்குப் போட அவர்கள் பயன்படுத்திய ஸ்கிரிப்ட் (பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய சிறு நிரல்), எந்தக் கணினியில் ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு விடை தந்தது என்பதே அந்தப் பகுதி.

கோப்புகளும் அவையே, ஸ்கிரிப்டும் அதுவே. ஆப்பிள் மேக்கின் பழைய பதிப்பான மாவரிக்ஸிலும் விண்டோஸ் 10-லும் 173.2 வந்தது. மேக்கின் பிந்தைய பதிப்பான மொஹாவியில் 172.7. உபுண்டு 16 என்ற லினக்ஸில் 172.4. எந்தக் கணினியிலும் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஸ்கிரிப்ட் பாதியில் நிற்கவும் இல்லை. நான்கு இடத்திலும் ஒழுங்காக ஓடி முடிந்து, நம்பத் தகுந்த ஒரு எண்ணைத் தந்துவிட்டுப் போனது.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2014-ல் ஒரு செய்முறை வழிகாட்டியோடு வெளிவந்த ஸ்கிரிப்ட் அது. எழுதியவர்களின் பெயரால் வில்லோபி–ஹோய் ஸ்கிரிப்ட் என்று அழைக்கப்படுகிறது. ஒரு மூலக்கூறின் கட்டமைப்பு இதுதானா என்று சரிபார்க்க உலகெங்கும் வேதியியலாளர்கள் அதைப் பயன்படுத்தி வந்தார்கள். கோளாறு தெரியவந்தபோது 150-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் கேள்விக்குள்ளாகின. அத்தனையும் தவறு என்று அர்த்தமில்லை. ஆனால் எது சரி, எது தவறு என்று அறிய ஒவ்வொன்றையும் எந்தக் கணினியில் கணக்கிட்டார்கள் என்று தேடிப்போக வேண்டியிருந்தது. அந்தத் தகவலைக் கட்டுரையில் யார் எழுதி வைப்பார்கள்?

காரணம் ஒரே ஒரு ஃபங்ஷன். ஃபோல்டர்களில் தேடி, கொடுத்த அச்சுக்கு, அதாவது பெயர் வடிவத்துக்கு, பொருந்தும் கோப்புப் பெயர்களைப் பட்டியலாகத் தரும் குளோப். பைத்தான் எழுதுகிற யாரும் அநேகமாக முதல் மாதத்திலேயே பயன்படுத்தியிருப்பார்கள். நானும் பல வருடங்களாக, பெரிதாக யோசிக்காமல், பயன்படுத்தி வருகிறேன். அதனால்தான் இந்த நிகழ்வை முழுவதுமாகப் பிரித்துப் பார்க்க நினைத்தேன்.

ஸ்கிரிப்ட் செய்த வேலை

ஒரு மூலக்கூறு எப்போதும் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. அதன் பிணைப்புகள் சுழல்கின்றன. அதனால் கொஞ்சம் கொஞ்சம் மாறுபட்ட பல வடிவங்களை அது எடுக்கிறது. இவற்றைக் கன்ஃபார்மர் என்கிறார்கள். கருவியில் நாம் அளக்கும் என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்திசைவு) மதிப்பு இந்த எல்லா வடிவங்களின் சராசரி. ஆற்றல் குறைந்த வடிவத்தில் மூலக்கூறுகள் அதிகம் இருக்கும், ஆற்றல் கூடிய வடிவத்தில் குறைவாக இருக்கும். எவ்வளவு அதிகம், எவ்வளவு குறைவு என்பதைப் போல்ட்ஸ்மான் சூத்திரம் சொல்லும். ஆகவே சராசரி எடுக்கும்போது ஒவ்வொரு வடிவத்துக்கும் அதன் ஆற்றலுக்கேற்ற எடை கொடுக்க வேண்டும்.

இதற்காக ஒவ்வொரு கன்ஃபார்மருக்கும் இரண்டு கணக்கீடுகள் நடக்கும். ஒன்றிலிருந்து ஆற்றல் கிடைக்கும், மற்றதிலிருந்து என்எம்ஆர் மதிப்பு கிடைக்கும். இரண்டும் தனித்தனிக் கோப்புகள். இருபது கன்ஃபார்மர் என்றால் நாற்பது கோப்புகள். கோப்பின் பெயரில் அது எந்த வகை, எத்தனையாவது கன்ஃபார்மர் என்று இருக்கும்.

ஸ்கிரிப்ட் இந்தக் கோப்புகளின் பட்டியலைக் குளோப் மூலம் வாங்கியது. பெயரைப் பார்த்து ஆற்றல் கோப்புகளை ஒரு பக்கமும் என்எம்ஆர் கோப்புகளை இன்னொரு பக்கமும் பிரித்தது. இதுவரை எந்தத் தவறும் இல்லை. அப்புறம் இந்தப் பக்கத்தில் முதலாவதை அந்தப் பக்கத்தில் முதலாவதோடும், இரண்டாவதை இரண்டாவதோடும் ஜோடி சேர்த்தது. பெயரில் எழுதியிருந்த எண்களைப் பார்த்து இந்த ஜோடி அமையவில்லை. பட்டியலில் யார் எத்தனையாவதாக நின்றார்கள் என்பதே போதுமானதாக இருந்தது.

பட்டியல் அகர வரிசையில் வரும் வரை இது சரியாக வேலை செய்யும். வரிசை கலைந்தால், மூன்றாம் கன்ஃபார்மரின் எடை ஏழாம் கன்ஃபார்மரின் என்எம்ஆர் மதிப்பில் போய் உட்காரும்.

விளைவு எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்று பார்க்க நானே ஒரு சின்னக் கணக்கு போட்டேன். மூன்று கன்ஃபார்மர்கள். அவற்றின் ஆற்றல், மிகக் குறைந்ததை 0 என்று வைத்தால், மோலுக்கு 0, 0.6, 1.8 கிலோகலோரி. அறை வெப்பநிலையில் போல்ட்ஸ்மான் எடைகள் ஏறக்குறைய 71, 26, 3 சதவீதம் வருகின்றன. ஒரு கார்பன் அணுவுக்கு இந்த மூன்று வடிவங்களிலும் 170, 174, 178 என்று மதிப்புகள் இருப்பதாகக் கொள்வோம். சரியான சராசரி 171.3. இப்போது என்எம்ஆர் பக்கம் மட்டும் வரிசை மாறி 174, 178, 170 என்று நிற்கட்டும். சராசரி 174.9 ஆகிவிடுகிறது. இதே மூன்று ஆற்றல்களும் இதே மூன்று மதிப்புகளும்தான் உள்ளே போயின. யாரோடு யார் சேர்ந்தார்கள் என்பது மட்டும் மாறியது.

171.3 வந்தாலும் 174.9 வந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரு கார்பன் அணுவுக்கு வரக்கூடிய எண்கள்தான். மைனஸ் ஆயிரம் என்று வந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பார்கள். தவறான சராசரியும் அதே மதிப்புகளுக்கு நடுவில்தான் விழும். எடைபோட்ட சராசரியின் குணமே அது.

வரிசை எங்கிருந்து வருகிறது

குளோப் என்ற பெயர் பழையது. 1971-ல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பு வந்தபோது குளோப் ஒரு தனி நிரல். கட்டளையில் நட்சத்திரக் குறியைக் கண்டால் ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) அந்த நிரலைக் கூப்பிட்டு, பொருந்தும் பெயர்களாக விரித்துத் தரச் சொல்லும். பிற்பாடு அது ஷெல்லுக்குள்ளேயே சேர்ந்தது. சி மொழியில் நூலக ஃபங்ஷனாகவும் ஆனது. சி மொழியின் குளோப், வேண்டாம் என்று நாம் சொன்னாலொழிய, பெயர்களை அடுக்கித்தான் தரும். பேஷ் ஷெல்லும் அப்படியே.

பைத்தானின் குளோப் அந்தச் சி ஃபங்ஷனைக் கூப்பிடுவதில்லை. அதற்குத் தனியாக எழுதிய நிரல் இருக்கிறது. ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று இயங்குதளத்திடம் கேட்கும், வந்த பெயர்களை அச்சோடு ஒப்பிட்டுப் பொருந்தாதவற்றைத் தள்ளும், மீதியை வந்த வரிசையிலேயே கொடுத்துவிடும். அடுக்கும் வேலை நடுவில் எங்கும் இல்லை. ஆனால் அதன் ஆவணம் யூனிக்ஸ் ஷெல்லின் விதிகளின்படி பெயர்களைப் பொருத்துகிறது என்று சொல்கிறது. அச்சு விதிகளைப் பற்றித்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஷெல்லில் பல வருடம் பழகியவருக்கோ, ஷெல் தரும் அதே வரிசையும் வரும் என்று தோன்றிவிடும். அப்படி நினைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, இயங்குதளம் எந்த வரிசையில் தருகிறது? அது வட்டில் கோப்புகளை வைத்து நிர்வகிக்கும் கோப்பு முறைமையைப் பொறுத்தது. ஹவாய் குழு பார்த்த நான்கு கணினிகளையும் இந்தக் கண்ணோட்டத்தில் வைத்துப் பார்த்தால் அந்த மூன்று எண்களும் உடனே புரிகின்றன.

விண்டோஸ் 10-ன் என்டிஎஃப்எஸ், ஃபோல்டருக்குள் இருக்கும் பெயர்களை ஒரு மர அமைப்பில் பெயர் வரிசைப்படியே வைத்திருக்கிறது. கேட்டால் அந்த வரிசையில் வரும். மாவரிக்ஸ் காலத்து மேக்கில் இருந்தது எச்எஃப்எஸ் பிளஸ். அதுவும் பெயர் வரிசையில் வைக்கும் மரம்தான். ஆக இரண்டிலும் ஸ்கிரிப்டுக்கு அடுக்கிய பட்டியல் கிடைத்தது, 173.2 வந்தது.

2017-ல் ஹை சியரா பதிப்போடு ஆப்பிள் மேக் கணினிகளை ஏபிஎஃப்எஸ் என்ற புதிய கோப்பு முறைமைக்கு மாற்றத் தொடங்கியது. அது பெயரிலிருந்து கணக்கிட்ட ஒரு ஹேஷ் எண்ணைக் கொண்டு பதிவுகளை வைக்கிறது. ஹேஷ் எண்ணுக்கும் அகர வரிசைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அடுத்த ஆண்டு வந்த மொஹாவியும் ஏபிஎஃப்எஸ்தான். ஆகவே மேக் வைத்திருந்த ஒருவர் தன் ஸ்கிரிப்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், இயங்குதளத்தை மட்டும் புதுப்பித்திருந்தால், அன்றிலிருந்து அவருக்கு வேறு விடை வரத் தொடங்கியிருக்கும். இந்த நிகழ்வில் என்னை அதிகம் கலங்கடித்த விஷயம் இதுதான்.

உபுண்டுவில் வழக்கமாக இருப்பது எக்ஸ்ட்4. அதுவும் ஹேஷ் வரிசைதான். கூடுதலாக ஒன்று உண்டு: அந்த ஹேஷில் சேர்க்கும் ஒரு விதை எண் வட்டை ஃபார்மேட் செய்யும்போதே தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதனால் ஒரே உபுண்டு, ஒரே பதிப்பு, ஒரே கோப்புப் பெயர்கள் என்றிருந்தாலும் இரண்டு கணினிகளில் இரண்டு வரிசை வரலாம். 172.4 என்பது உபுண்டுவின் விடை என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தக் குறிப்பிட்ட வட்டின் விடை.

பென்டிரைவ்களில் காணப்படும் பழைய ஃபேட் முறைமையில் இன்னொரு கதை. அங்கே பெரும்பாலும் எழுதப்பட்ட வரிசையில் வரும். நடுவில் எதையாவது அழித்திருந்தால் அந்தக் காலி இடத்தில் புதியது போய் அமரும்.

நம் கண்ணுக்கு ஏன் படுவதில்லை

ஃபோல்டரைத் திறந்து பார்க்கும் எந்தக் கருவியும் நமக்கு அசல் வரிசையைக் காட்டுவதில்லை. விண்டோஸ் எக்ஸ்புளோரர் அடுக்கிக் காட்டுகிறது, மேக்கின் ஃபைண்டர் அடுக்கிக் காட்டுகிறது, லினக்ஸில் எல்எஸ் கட்டளை அடுக்கிக் காட்டுகிறது. லினக்ஸில் எல்எஸ் கட்டளையோடு பெரிய யு எழுத்தை விருப்பக் குறியாகச் சேர்த்தால் அடுக்காமல் காட்டும். இதைப் படிப்பவர்கள் ஒருமுறை நிறையக் கோப்புகள் உள்ள ஃபோல்டரில் அதை ஓட்டிப் பாருங்கள். பத்து வருடமாகப் பழகிய ஃபோல்டர் அடையாளம் தெரியாமல் இருக்கும்.

ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் சோதித்துப் பார்க்காமல் வெளியிட்டவர்கள் இல்லை. சோதித்துப் பார்த்த கணினியில் பட்டியல் அடுக்கித்தான் வந்திருக்கும், விடையும் சரியாகத்தான் இருந்திருக்கும். பல நூறு முறை ஒரே மாதிரி நடப்பதைப் பார்த்தபின், இப்படித்தான் நடக்கும் என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. ஃபோல்டரைப் பட்டியலிடும் பைத்தான் ஃபங்ஷனின் ஆவணத்தில் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை என்று நெடுங்காலமாகவே எழுதியிருக்கிறது. குளோபின் ஆவணத்திலும் இப்போது, பட்டியல் அடுக்கி வருமா வராதா என்பது கோப்பு முறைமையைப் பொறுத்தது என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் ஆவணத்தில் ஒரு வரி இருப்பதும், தன் கண் முன்னால் தினமும் நடப்பதற்கு எதிராக ஒருவர் அந்த வரியை நம்புவதும் ஒன்றல்ல.

2014-க்கும் 2019-க்கும் இடையில் ஐந்து ஆண்டுகள். கணக்கிட்டவர்களில் சிலருக்குச் சரியான விடை வந்திருக்கும், சிலருக்குக் கொஞ்சம் விலகிய விடை. விலகிய விடை வந்தவர் என்ன நினைப்பார்? கணக்கீட்டு முறையே தோராயமானது, கரைப்பானின் விளைவு இருக்கும், மாதிரி போதாது என்றுதான் நினைப்பார். ஃபோல்டரைப் பட்டியலிடும் ஃபங்ஷன் மேல் யாருக்கும் சந்தேகம் போகாது. ஒரே குழுவுக்குள் இரண்டு பேர் ஒரே கோப்புகளை வேறு வேறு இயங்குதளத்தில் ஓட்டி, எண்களை அருகருகே வைத்துப் பார்த்ததால்தான் பிடிபட்டது. அப்படிப் பார்த்ததும், வித்தியாசத்தை யாரோ ஒருவரின் கைத்தவறு என்று ஒதுக்காமல் அடிவரை தோண்டியதும் பெரிய விஷயம். அந்தக் குழு மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

மூல ஆசிரியர்களும் கோளாறை ஒப்புக்கொண்டார்கள், ஸ்கிரிப்டும் திருத்தப்பட்டது.

ஒரு வரித் திருத்தமும் அது போதாத இடமும்

திருத்தம் எளிது. குளோப் கொடுத்த பட்டியலை வாங்கியவுடன் பைத்தானின் அடுக்கும் ஃபங்ஷன் வழியாக அனுப்ப வேண்டும். ஒரு வரி. அதன் பிறகு எல்லாக் கணினியிலும் ஒரே வரிசை, ஒரே விடை.

இந்த நிகழ்வைப் பற்றிப் பேசும் பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்: குளோப் எழுதினால் கூடவே அடுக்கிவிடு, வேலை முடிந்தது என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுக்குவதால் எல்லாருக்கும் ஒரே விடை வரும். அந்த ஒரே விடை சரியான விடையாக இருக்குமா என்பது தனிக் கேள்வி.

இருபது கன்ஃபார்மரில் ஏழாவதன் என்எம்ஆர் கணக்கீடு பாதியில் நின்று, கோப்பே உருவாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் பக்கம் இருபது, என்எம்ஆர் பக்கம் பத்தொன்பது. இரண்டையும் அழகாக அடுக்கியாகிவிட்டது. ஏழாவது இடத்தில் என்எம்ஆர் பக்கம் எட்டாவது கன்ஃபார்மர் வந்து நிற்கிறது, அதற்குப் பின்னால் எல்லாமே ஒரு படி நகர்ந்துவிட்டது. பைத்தானில் இரண்டு பட்டியல்களைப் பக்கம் பக்கமாக இணைக்கும் ஜிப் ஃபங்ஷன், நீளம் வேறாக இருந்தால் சின்னதன் நீளத்தில் சத்தமில்லாமல் நின்றுகொள்ளும். நீளம் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் வசதி 2021-ல் வந்த 3.10 பதிப்பில்தான் சேர்ந்தது. அதையும் நாம் கேட்டால்தான் தரும். இப்போது தவறான விடை எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி வரும். ஹவாய் குழு செய்ததுபோல இரண்டு கணினியில் ஓட்டி ஒப்பிட்டாலும் பிடிபடாது. ஒருவகையில் இது முன்னைவிட மோசம்.

எண்களின் சிக்கலும் உண்டு. எழுத்து வரிசையில் 10 என்பது 2-க்கு முன்னால் வரும். இரண்டு பட்டியல்களும் ஒரே மாதிரிப் பெயரிட்டவை என்றால் இரண்டிலும் ஒரே மாதிரிதான் குழம்பும், ஜோடி தப்பாது. ஒரு பக்கம் 01, 02 என்றும் மறுபக்கம் 1, 2 என்றும் பெயரிட்டிருந்தால் தப்பிவிடும். கோப்புகள் பல ஃபோல்டர்களில் பரவியிருந்தால் இன்னொரு குழி இருக்கிறது. பாதையை வெறும் எழுத்துச் சரமாக அடுக்கினால் ஃபோல்டர் பெயருக்குள் வரும் சிறுகோடு, பாதையைப் பிரிக்கும் சாய்கோட்டுக்கு முன்னால் வரும். பைத்தானின் பாத்லிப் நூலகத்தின் பாதைப் பொருளாக அடுக்கினால் ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து ஒப்பிடும். ஆகவே ஒரு பட்டியலை எழுத்துச் சரமாகவும் மற்றதைப் பாதைப் பொருளாகவும் வாங்கி இரண்டையும் அடுக்கினால்கூட வரிசை வேறாகலாம்.

அதனால் என் முடிவு இது: ஃபோல்டரில் தேடும் ஃபங்ஷன் தருவதை ஒரு வரிசையாகப் பார்க்கவே கூடாது. பையில் அள்ளிப் போட்ட பொருள்கள் மாதிரி பார்க்க வேண்டும். எது எதோடு சேரும் என்ற தகவல் கோப்பின் பெயரில் இருக்கிறது, அல்லது உள்ளடக்கத்தில் இருக்கிறது. பட்டியலில் அது நிற்கும் இடத்தில் எந்தத் தகவலும் இல்லை.

செயலில் இது இப்படி அமையும். ஒவ்வொரு ஆற்றல் கோப்பின் பெயரிலிருந்தும் கன்ஃபார்மர் எண்ணைப் பிரித்தெடுத்து, அந்த எண்ணைச் சாவியாக வைத்து ஒரு டிக்ஷனரியில் (சாவியைக் கொடுத்தால் அதற்குரியதை எடுத்துத் தரும் அமைப்பு) போடுவேன். போடும்போதே அந்தச் சாவி ஏற்கெனவே இருந்தால் நிரல் நிற்க வேண்டும். ஃபோல்டர்களுக்குள் ஃபோல்டராக இறங்கித் தேடும்போது இது மிக முக்கியம். பழைய பிரதி ஒன்று உள்ஃபோல்டரில் கிடந்தால் அதே எண் இரண்டாவது தடவை வரும், கவனிக்காவிட்டால் கடைசியாக வந்தது முதலில் வந்ததை அழித்துவிடும். கடைசியாக எது வரும் என்பதை மறுபடியும் வட்டுதான் தீர்மானிக்கும். என்எம்ஆர் கோப்புகளுக்கும் இதே மாதிரி இன்னொரு டிக்ஷனரி. பிறகு இரண்டின் சாவிகளும் ஒன்றா என்று பார்ப்பேன். இல்லை என்றால், எந்தெந்த எண்ணுக்கு ஜோடி இல்லை என்று சொல்லிவிட்டு நிரல் நிற்க வேண்டும். அப்புறம்தான் கணக்கு.

வேதியியல் கோப்புகளில் இன்னும் ஒரு படி போகலாம். இந்த வழிமுறையில் ஆற்றல் கணக்கீட்டில் கிடைத்த வடிவத்தின் மீதுதான் என்எம்ஆர் கணக்கீடு நடக்கிறது, ஆகவே இரண்டு கோப்பிலும் அணுக்களுக்கு இடையிலான தூரங்கள் ஒத்துப்போக வேண்டும். பெயரை யாராவது தவறாக மாற்றியிருந்தாலும் அந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

சத்தமில்லாமல் விட்டுவிடும் மற்ற இடங்கள்

வரிசை மட்டும்தான் பிரச்சினை என்று இருந்தால் இத்தனை எழுத மாட்டேன். குளோப் இன்னும் சில இடங்களில் வாய் திறப்பதில்லை. ஃபோல்டரே இல்லையென்றால் பிழை வராது, வெற்றுப் பட்டியல் வரும். உள்ஃபோல்டர் ஒன்றைப் படிக்க அனுமதி இல்லையென்றால் அதை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் தரும். ஃபோல்டர் மரம் முழுவதும் நடந்து பார்க்கும் ஓஎஸ் வாக் ஃபங்ஷனும், நாம் தனியாகக் கேட்காவிட்டால், படிக்க முடியாத ஃபோல்டரை அப்படியே தாண்டிப் போய்விடும்.

புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புகளைக் குளோப் சேர்ப்பதில்லை. 2022-ல் வந்த 3.11 பதிப்பில் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் வசதி வந்தது. ஆனால் பாத்லிப்பின் குளோப் அவற்றையும் சேர்த்தே தருகிறது. பெயர் ஒன்று, நடத்தை இரண்டு. ஃபோல்டர் பெயரில் சதுர அடைப்புக்குறி இருந்தால் குளோப் அதை அச்சின் பகுதியாக எடுத்துக்கொண்டு எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லும். அதைத் தவிர்க்க எஸ்கேப் என்ற துணை ஃபங்ஷன் இருக்கிறது.

இவை எல்லாமே பட்டியலின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன அல்லது கூட்டுகின்றன. எத்தனை கோப்புகள் வரவேண்டும் என்று தெரிந்திருந்தால், வந்ததை எண்ணிப் பார்ப்பது எவ்வளவோ ஆபத்துகளைத் தடுக்கும்.

நூலகம் தானே அடுக்கித் தந்தால் என்ன?

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறது. பிஎச்பியின் குளோப் அடுக்கித் தருகிறது. கோ மொழியில் ஃபோல்டர் மரத்தில் நடக்கும் வாக் ஃபங்ஷன் எழுத்து வரிசையில்தான் போகும் என்று ஆவணமே உறுதி தருகிறது. ரூபி நெடுநாள் பைத்தானைப் போலவே இருந்தது. 2020 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பிலிருந்து அதன் குளோப் தானாகவே அடுக்குகிறது, வேண்டாதவர் வேண்டாம் என்று சொல்லலாம்.

மேக் (make; ஆப்பிளின் மேக் கணினி அல்ல) என்ற பழைய நிரல்கட்டும் கருவியின் கதை இன்னும் சுவையானது. அதன் குனு பதிப்பு முதலில் அடுக்கித் தந்தது. 2010-ல் வந்த 3.82 பதிப்பில் அதை நிறுத்தினார்கள். அப்புறம் ஒரே மூலநிரலை இரண்டு கணினியில் கட்டினால் இரண்டு விதமான இருமக் கோப்புகள் வரத் தொடங்கின, ஏனென்றால் கோப்புகளை இணைக்கும் வரிசை மாறியது. 2020 ஜனவரியில் வந்த 4.3 பதிப்பில் அடுக்குவதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு வசதியை எடுத்துப் பார்த்து, பத்து வருடம் கழித்துத் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

பைத்தானும் ரூபியின் வழியில் போயிருக்கலாம் என்பது என் கருத்து. ஆயிரம் பெயர்களை அடுக்க ஆகும் நேரம், அந்த ஆயிரம் கோப்புகளில் ஒன்றைத் திறந்து படிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் பொருட்டே இல்லை. எதிர்வாதத்திலும் நியாயம் இருக்கிறது. லட்சக்கணக்கான கோப்புகளில் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே போகும் ஐகுளோப் என்ற வடிவம் பைத்தானில் உண்டு. அடுக்குவதென்றால் எல்லாவற்றையும் முதலில் சேர்த்து வைத்தாக வேண்டும், அதன் பயனே போய்விடும். அந்த ஒரு வடிவத்தை விட்டுவிட்டு, முழுப் பட்டியலாகத் தரும் குளோபை மட்டுமாவது அடுக்கச் செய்திருக்கலாம்.

வேண்டுமென்றே கலைத்துப் பார்ப்பது

கோ மொழியில், பைத்தானின் டிக்ஷனரி போன்ற மேப் என்ற அமைப்பின் மீது சுழலும்போது உறுப்புகள் வரும் வரிசையை மொழியே வேண்டுமென்று ஒவ்வொரு முறையும் மாற்றுகிறது. யாரும் வரிசையை நம்பிவிடக் கூடாது என்பதற்காக. நம்பினால் நிரல் எழுதியவரின் கணினியிலேயே, முதல் நாளே உடைந்துவிடும். ஃபோல்டர் பட்டியலுக்கும் இந்த யோசனை அப்படியே பொருந்தும்.

மென்பொருளை யார் கட்டினாலும் ஒரே விடை வர வேண்டும் என்று பாடுபடும் ரீப்ரொடியூசிபிள் பில்ட்ஸ் திட்டத்தினர் இதற்கென்றே டிஸ்ஆர்டர்எஃப்எஸ் என்ற கருவியை வைத்திருக்கிறார்கள். இருக்கும் ஃபோல்டர் ஒன்றின் மேல் அதைப் பொருத்தினால், பட்டியலைத் தலைகீழாகவோ கலைத்துப் போட்டோ தரும். உங்கள் நிரலை அதன் மேல் இரண்டு முறை ஓட்டி விடைகளை ஒப்பிட்டாலே போதும். அந்தக் கருவி இல்லாவிட்டாலும், சோதனை ஓட்டத்தில் மட்டும் குளோபுக்குப் பதிலாக அதன் விடையைக் கலைத்துத் தரும் சின்ன ஃபங்ஷனை வைப்பது ஐந்து நிமிட வேலை.

இந்தக் கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது நான் அதைத்தான் செய்தேன். என் பழைய நிரல்களில் குளோப் வரும் இடங்களைத் தேடி எடுத்தேன். பெரும்பாலானவை கோப்புகளை எண்ணுவது, கூட்டுவது, ஒவ்வொன்றாக மாற்றி எழுதுவது போன்றவை. அங்கே வரிசை எப்படி இருந்தாலும் பாதகமில்லை. ஒரு நிரலில் மட்டும், பட்டியலின் கடைசிக் கோப்புதான் ஆகச் சமீபத்தியது என்று எடுத்திருந்தேன். பெயரில் தேதி இருந்ததால் அடுக்கி வந்தவரை அது உண்மையாக இருந்தது. பட்டியலைக் கலைத்து ஐந்து முறை ஓட்டினேன். அதில் மூன்று முறை பழைய கோப்பை எடுத்துக்கொண்டு, எந்தக் குறையும் சொல்லாமல் அறிக்கையை எழுதி முடித்தது. இப்போது அந்த நிரல் ஒவ்வொரு பெயரிலிருந்தும் தேதியைப் பிரித்தெடுத்து, அவற்றில் பெரியதைத் தேர்ந்தெடுக்கிறது. எடுத்த கோப்பின் முழுப் பாதையை அறிக்கையின் முதல் வரியில் எழுதுகிறது.